கூடி அமர்வதே ஈடு

1990-களின் பிற்பகுதி. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் ஒரு கிராமக் கிளையில் கள அலுவலராகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். மகளிர் சுய உதவிக் குழு ஒன்றுக்கு முதன்முறையாகக் கடன் வழங்கலாமா என்று நேரில் கண்டறிந்து அறிக்கை எழுதவேண்டும். மாலை ஏழு மணிக்கு அவ்வூர்ப் பள்ளித் திண்ணையில் கூட்டம் என்றார்கள். நான் சென்றபோது, பகலெல்லாம் ராகிக் கொல்லையிலும் பட்டுப்புழு வளர்ப்புக் கொட்டகையிலும் உழைத்துக் களைத்த 15 பெண்கள் பாய் விரித்து வட்டமாக அமர்ந்திருந்தனர். நடுவில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பெட்டி ஒருவர் வீட்டில் இருக்கும். அதன் சாவி வேறொருவர் வீட்டில் இருக்கும்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி பேரேட்டைப் பிரித்து, ஒவ்வொருவருடைய சேமிப்பையும் கடன் நிலுவையையும் உரக்க வாசித்தாள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர்கள். ஆயினும் ஒவ்வொருவரும் தம் கணக்கை மட்டுமன்றி அடுத்தவர் கணக்கையும் செவிகூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தனர். ஓரிடத்தில் ஒரு மூதாட்டி குறுக்கிட்டார். "போன வாரம் பத்து ரூபாய் கொடுத்தேன் மகளே, ஐந்து என்கிறாயே" என்றார். கூட்டம் நின்றது. சாவி வந்தது, பெட்டி திறந்தது, ரொக்கம் எண்ணப்பட்டது. கணக்கைவிட ஐந்து ரூபாய் கூடுதலாக இருந்தது. சிறுமி பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுதினாள். குழுத் தலைவி அதனருகே கையொப்பமிட்டார். மூதாட்டி கைநாட்டு வைத்தார். யாரும் கோபிக்கவில்லை, யாரும் நாணவுமில்லை. வாசிப்பு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

மறுநாள் கிளையில் அமர்ந்து கடன் பரிந்துரைப் படிவத்தை நிரப்பினேன். 'ஈடு' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். விதிப்படி அது சரியான விடைதான். ஆனால் அந்த விடை தவறு என்பதை உணர எனக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அந்தக் குழுவுக்கு ஈடு இருந்தது. நிலமும் நகையும் கொடுக்க இயலாத உறுதியை அந்த ஐந்து ரூபாய் கொடுத்தது. வாரந்தோறும் கூடி அமர்ந்து, எல்லோரும் கேட்கக் கணக்கை வாசித்து, தவறென்றால் அங்கேயே நிறுத்திக் கேட்கும் வழக்கமே அக்குழுவின் ஈடு. அவ்வழக்கம் இன்று பல ஊர்களில் சத்தமின்றித் தேய்ந்து வருகிறது என்பதே என் கவலை. அதைக் காப்பாற்றுவதில் நம் எல்லோருக்கும் பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

பணத்துக்கு முன் வந்த கூட்டம்

மகளிர் குழுக்கள் என்றதும் கடன் வழங்கும் திட்டம் ஒன்றே பலருடைய நினைவுக்கு வருகிறது. வரலாற்றைப் பார்த்தால், பெரும்பாலான இடங்களில் கூட்டம் முதலில் வந்தது. பணம் பின்னால் வந்தது.

மும்பையின் கிர்காவுன் பகுதியில் 1959 மார்ச் 15 அன்று ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, தாம் குடியிருந்த கட்டடத்தின் மாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். லிஜ்ஜத் அப்பளத்தின் தொடக்கம் அதுவே. அன்று அவர்களிடம் இருந்த முதல் மூலதனம், ஒரே குடியிருப்பில் வாழ்ந்து ஒருவரையொருவர் அறிந்திருந்த பழக்கம். அகமதாபாத்தில் இலா பட் 1972-ல் தொடங்கிய சேவா அமைப்பின் கதையும் இத்தகையதே. தெருவில் காய்கறி விற்போரும், தலைச்சுமை தூக்குவோரும், பழந்துணி வணிகம் செய்வோரும் முதலில் தொழிற்சங்கமாகக் கூடினர். கூடிப் பேசியபோதுதான், தம் வருவாயின் பெரும்பகுதி வட்டிக்கே போவது அனைவருக்கும் பொதுவான துன்பம் என்று தெரிந்தது. அதன் விளைவாக 1974-ல், தலைக்கு 10 ரூபாய் வீதம் 4,000 பெண்கள் பங்குத்தொகை செலுத்தி, தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினர். கையொப்பமிடத் தெரியாத பெண்களுக்கு எவ்வாறு கணக்குத் தொடங்குவது என்ற கேள்வி எழுந்தபோது, கணக்குப் புத்தகத்தில் அவர்களுடைய நிழற்படத்தை ஒட்டி அடையாளமாக்கியது அந்த வங்கி.

ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் தரும் சான்று இன்னும் கூர்மையானது. 1990-களின் தொடக்கத்தில், எழுத்தறிவு இயக்கத்தின் மாலை வகுப்புகளில் அங்குள்ள கிராமப் பெண்கள் கூடினர். எழுத்துக் கூட்டிப் படிக்கும்போதே தம் வாழ்வைப் பற்றியும் பேசினர். கணவர் ஈட்டும் கூலி சாராயக்கடையில் கரைவது ஒரு வீட்டின் தலைவிதி எனக் கருதப்பட்டு வந்தது. பல வீட்டுப் பெண்கள் ஒரே இடத்தில் அமர்ந்து சொன்னபோது அது ஊர்ச் சிக்கலாயிற்று. துபகுண்டா என்ற சிற்றூர்ப் பெண்கள் சாராயக்கடையை மூடச் செய்தனர். அச்செய்தி ஊர் ஊராகப் பரவியது. 1993 அக்டோபரில் மாநிலம் முழுவதும் சாராயம் தடைசெய்யப்பட்டது. அதன் பின்னர், சாராயத்துக்குப் போய்க்கொண்டிருந்த காசில் நாளொன்றுக்கு 1 ரூபாய் சேமிப்பது என்று அதே பெண்கள் குழுக்களாயினர். பொதுப்பு லட்சுமி என்று அதற்குப் பெயர். தெலுங்கில் பொதுப்பு என்றால் சேமிப்பு. எழுத்துப் பலகை, சாராயக்கடை, சேமிப்புப் பெட்டி ஆகிய மூன்றையும் இணைத்தது ஒன்றே: பெண்கள் கூடி அமர்ந்தது.

வங்கித் துறை இந்த உண்மையை மெல்லக் கற்றுக்கொண்டது. கர்நாடகத்தில் மைராடா என்னும் தொண்டு நிறுவனம் 1980-களின் நடுப்பகுதியில், ஒருவரையொருவர் நம்பும் சிறு குழுக்களே தம் பணத்தைத் தாமே நன்கு ஆள்கின்றன என்று கண்டது. நபார்டு வங்கி அம்முயற்சிக்கு நிதியளித்து, 1992-ல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1989-ல், தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் அமைக்கும் பணி தொடங்கியிருந்தது. பதிவு செய்யப்படாத ஒரு குழுவின் பெயரில் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம், ஈடின்றிக் கடன் தரலாம் என்பது அக்காலத்து வங்கியாளர்களுக்கு எளிதில் செரிக்காத செய்தி. 500 குழுக்களில் தொடங்கிய அப்பயணம், 2011-ல் வந்த தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் வழியே வளர்ந்து, இன்று 10 கோடிக்கும் மேற்பட்ட பெண்களைத் தழுவி நிற்கிறது.

அந்த ஒரு மணி நேரத்தில் நடப்பது என்ன?

குழுக்களுக்குப் 'பஞ்ச சூத்திரம்' என்று ஐந்து ஒழுங்குகள் கற்பிக்கப்படுகின்றன. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தவறாத உள்கடன், தவறாத திருப்பிச் செலுத்தல், தவறாத கணக்கெழுத்து என்பன அவை. இவற்றுள் கூட்டம் முதலில் வைக்கப்பட்டிருப்பது தற்செயலன்று. மற்ற நான்கும் அதன்மேல் நிற்கின்றன.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 15 பெண்கள் வாரம் 50 ரூபாய் சேமித்தால் வாரத்துக்கு 750 ரூபாய். 52 வாரங்களில் 39,000 ரூபாய். இத்தொகையிலிருந்து உறுப்பினர்க்கு உள்கடன் வழங்கப்படுகிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக ஒருவருக்கு 2,000 ரூபாய் தேவைப்படுகிறது என்று கொள்வோம். ஐந்து வட்டிக்கு வெளியில் வாங்கினால் மாதம் 100 ரூபாய் வட்டி. அது திரும்பி வராது. குழுவில் ஒரு வட்டிக்கு வாங்கினால் மாதம் 20 ரூபாய். அதுவும் அவர் பங்குள்ள பொதுப் பெட்டிக்கே வந்து சேர்கிறது. இவ்வளவு எளிய கணக்கு இது.

கடினமானது இதற்குப் பின் வருவது. ஒரே வாரத்தில் மூவர் கடன் கேட்கின்றனர். பெட்டியில் ஒருவருக்குப் போதுமான தொகையே இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது? ஒருவர் வீட்டில் பிரசவம், ஒருவருக்கு விதை வாங்கும் பருவம், ஒருவர் மகனுக்குத் தேர்வுக் கட்டணம். எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று 15 பேரும் பேசி முடிவு செய்யவேண்டும். மறுக்கப்பட்டவர் மனம் நோகாமல் அடுத்த வாரம் வரவேண்டும். கொடுக்கப்பட்டவர் சொன்ன காரணத்துக்கே செலவிட்டாரா என்று அக்கம்பக்கத்தார் அறிந்திருப்பர். எந்தக் கடன் அலுவலரும் தம் மேசையிலிருந்து செய்ய முடியாத ஆய்வு இது. நான் செய்திருக்கிறேன், ஆகவே சொல்கிறேன். ஒரு குடும்பத்தின் வரவு செலவைப் பற்றி மூன்று பக்கப் படிவம் சொல்லாததை, அத்திண்ணையில் இருந்த எதிர்வீட்டுப் பெண் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்.

அந்த ஒரு மணி நேரத்தில் கடனைத் தாண்டியும் பல நடக்கின்றன. கேரளத்தில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அடித்தளம் 'அயல்கூட்டம்' எனப்படும் அக்கம்பக்கத்துப் பெண்களின் சிறு கூட்டமே. அயல்கூட்டங்கள் வட்டார அளவிலும், அவை உள்ளாட்சி அளவிலும் இணைந்து மூன்றடுக்கு அமைப்பாகின்றன. 2023 அக்டோபரில் அவ்வமைப்பின் பெண்கள் விடுமுறை நாள்களில் பள்ளி வகுப்பறைகளுக்குத் திரும்பிச் சென்று மாணவியராய் அமர்ந்து பாடம் கேட்டனர். 2020-ல் பெருந்தொற்று வந்தபோது நாடெங்கும் முகக்கவசம் தைத்தவர்களிலும் சமூக உணவகங்களில் சமைத்தவர்களிலும் குழுப் பெண்கள் முன்னின்றனர். முன்பின் அறியாதவர்களைத் திரட்டி இவற்றைச் செய்ய மாதங்கள் ஆகும். வாரந்தோறும் கூடிப் பழகியவர்கள் ஓரிரு நாளில் செய்தனர்.

ஒரே மையில் எழுதிய பதினொரு மாதங்கள்

இனி, நான் சொல்ல விரும்பாத, ஆனால் சொல்லியே ஆகவேண்டிய நிகழ்ச்சி.

2010-களின் நடுவில் கர்நாடகத்தின் மற்றொரு மாவட்டத்தில் பணியாற்றினேன். அங்கே 15 பேர் கொண்ட ஒரு குழுவுக்கு 4,50,000 ரூபாய் கடன் வழங்கினோம். பழைய கடனை ஒழுங்காகச் செலுத்திய குழு. தர மதிப்பீட்டில் நல்ல மதிப்பெண். ஓராண்டு கழித்து மூன்று தவணைகள் நிலுவையாயின. ஊருக்குச் சென்று கேட்டபோது ஒவ்வொன்றாக வெளிவந்தது. பெற்ற கடனை அவர்கள் யாருக்கு எவ்வளவு தேவை என்று பேசாமல், ஆளுக்கு 30,000 என்று சரிசமமாகப் பிரித்துக்கொண்டிருந்தனர். தேவைப்படாத இருவர் தம் பங்கை மற்றொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டனர். அவர் 90,000 ரூபாயில் இரண்டு கறவை மாடுகள் வாங்கினார். ஒரு மாடு நோயில் இறந்தது, காப்பீடு இல்லை. அதே பருவத்தில் கணவர் படுக்கையில் விழுந்தார். மூவருடைய தவணையையும் தனியொருவராகச் சுமந்த அப்பெண், வாரத்தவணைக் கடனை இரண்டு இடங்களில் வாங்கி வங்கித் தவணையைச் சில மாதம் கட்டியிருக்கிறார். பிறகு அதுவும் இயலாமல், நாணி வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார்.

"இவ்வளவும் நடந்தபோது கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லையா?" என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். கூட்டம் நடந்து ஓராண்டு ஆகிறது என்று மெல்லிய குரலில் ஒருவர் சொன்னார்.

கிளைக்குத் திரும்பி, கடன் ஆவணங்களோடு இருந்த தீர்மானக் குறிப்பேட்டின் நகலை எடுத்துப் பார்த்தேன். பதினொரு மாதக் கூட்டங்கள் அதில் எழுதப்பட்டிருந்தன. ஒரே கையெழுத்து, ஒரே மை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் 15 பேரும் தவறாது வந்திருந்தனர். ஒரு வீட்டிலும் காய்ச்சல் இல்லை, விருந்தினர் இல்லை, அறுவடை இல்லை, இழவு இல்லை. அப்படிப்பட்ட பதினைந்து வீடுகள் எந்த ஊரில் இருக்கின்றன? கடன் வேண்டுமென்றால் குறிப்பேடு வேண்டும் என்பதால் ஒரே அமர்வில் யாரோ எழுதிக் கொடுத்தது அது. அதைப் புரட்டிப் பார்த்து, 'கூட்டங்கள் ஒழுங்காக நடைபெறுகின்றன' என்று கையொப்பமிட்டவன் நான்.

கூட்டம் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். மாடு வாங்கும்போதே, "காப்பீடு செய்தாயா?" என்று யாரேனும் கேட்டிருப்பார். மூன்று பங்கையும் ஒருவர் எடுப்பது அனைவர்க்கும் தெரிந்திருக்கும். அவர் தவணையை அதற்கேற்ப அமைத்திருப்பர். மாடு இறந்த வாரமே பெட்டியிலிருந்து சிறு கடன் கிடைத்திருக்கும். அந்தப் பெண் இழந்தது பணம் மட்டுமன்று; தன் துன்பத்தைச் சொல்வதற்கான இடத்தையும் இழந்தார்.

அக்குழு பின்னர் மீண்டது. பாய் மீண்டும் விரிக்கப்பட்டது. தம் பங்கைக் கைமாற்றிய இருவரும் அதை ஒப்புக்கொண்டு பொறுப்பில் பாதியை ஏற்றனர். நிலுவையின் ஒரு பகுதிக்குக் குழுவின் சேமிப்பு உதவியது. முழுதும் சீராக ஒன்றரை ஆண்டு ஆயிற்று. ஒரு பெண் குழுவைவிட்டு விலகினார். அவர் திரும்பவே இல்லை. மாட்டை இழந்த பெண் முதல் இரண்டு கூட்டங்களில் வாய் திறக்கவில்லை. மூன்றாவதில் கணக்கு வாசிக்கும்போது தம் பெயர் வந்ததும், "இருக்கிறேன்" என்றார்.

இது ஓர் ஊரின் கதை என்று ஒதுக்க இயலாது. 2010-ல் ஆந்திரத்தில் நுண்கடன் நெருக்கடி வெடித்து, அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்ததற்கு முன், ஒரே குடும்பத்துக்குப் பல இடங்களிலிருந்து கடன்கள் குவிந்திருந்தன. அங்கும் பெண்கள் கூட்டமாகவே அமர்ந்தனர். ஆனால் தவணை வாங்க வந்தவர் பேசினார். பெண்கள் தொகையைக் கொடுத்துவிட்டு எழுந்தனர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே காட்சியே. அமர்ந்திருப்போரில் யார் பேசுகிறார், யார் கணக்கைக் கேட்கிறார் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

எதிர்க்கேள்விகள்

இதற்கு மாறாகச் சொல்லப்படுவனவற்றில் நியாயம் உண்டு. "பெண்களுக்கு நேரம் ஏது? சமையல், கூலி வேலை, மாடு, பிள்ளைகள் இவற்றுக்கு நடுவே வாரம் ஒரு மணி நேரம் ஊதியமின்றிக் கொடுக்கச் சொல்வது சரியா?" என்பது முதற் கேள்வி. இது உண்மையான சுமையே. எனவேதான் கூட்டம் குறித்த நேரத்தில் தொடங்கி ஒரு மணிக்குள் முடியவேண்டும் என்கிறேன். பார்வையிட வருவோர்க்கு வசதியான நண்பகலில் நடத்தாமல், உறுப்பினர்க்கு வசதியான நேரத்தில் நடத்தவேண்டும். கூட்டமெனக் கூப்பிட்டு அரசு விழாக்களுக்கு ஆள் சேர்ப்பதையும், எவருடைய பேச்சையோ கேட்க வெயிலில் காக்கவைப்பதையும் நிறுத்தினாலே பாதி நேரம் மிஞ்சும்.

"கைப்பேசியிலேயே கணக்கெல்லாம் வந்துவிட்டதே, இனி எதற்குக் கூடவேண்டும்?" என்பது இரண்டாவது. செயலியில் பதிவதை நான் வரவேற்கிறேன். கறையான் அரித்த பேரேடுகளையும், எண்ணை அழித்து எழுதிய பக்கங்களையும் கண்டவன் நான். ஆனால் செயலி ஒரு தொகையைக் காட்டும். அத்தொகை ஏன் குறைந்தது என்று அடுத்த வீட்டைப் பார்த்துக் கேட்காது. செயலியில் உள்ளதைக் கூட்டத்தில் உரக்க வாசித்தால் இரண்டின் பயனும் கிடைக்கும்.

மூன்றாவது கேள்வி கனமானது. "வட்டமாக அமர்ந்தோர் எல்லோரும் சமமா? நிலமுள்ளவர், படித்தவர், உறவுப் பலமுள்ளவர் பேச, மற்றவர் தலையசைப்பதில்லையா? தவணை தவறியவரைக் கூட்டம் அவமானப்படுத்துவதில்லையா?" உண்டு, நானே கண்டிருக்கிறேன். ஒரே தலைவி பத்தாண்டு அப்பதவியில் இருக்கும் குழுக்களில் இது மிகுதி. இதற்கு மருந்து கூட்டத்தைக் கைவிடுவதன்று. பொறுப்பாளர்களைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்றுவதும், கணக்கை வாசிக்கும் பொறுப்பைச் சுழற்றுவதும், தவணை தவறியவரிடம் 'ஏன்' என்று முதலில் கேட்டுப் பிறகு 'எப்போது' என்று கேட்பதுமாகும்.

நாம் செய்யக்கூடியவை

இவ்விதழின் வாசகர்களுள் குழு உறுப்பினராக இருக்கும் சகோதரியர் பலர் இருப்பர். அவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. அடுத்த கூட்டத்தில் பேரேட்டை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வங்கிக் கணக்குப் புத்தகத்தில் அண்மைய வரவு செலவைப் பதிவு செய்து வந்து, எல்லோர் கையிலும் ஒருமுறை சுற்ற விடுங்கள். வங்கிக் கடன் வந்தால் சரிசமமாகப் பிரிக்கும் முன், யாருக்கு என்ன தேவை என்று ஒரு கூட்டம் முழுவதும் பேசுங்கள். வராத கூட்டத்துக்குக் கையொப்பமிடாதீர்கள். உங்கள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்றிருப்பது இழுக்கன்று, அக்குறிப்பேடு உண்மையானது என்பதற்கு அதுவே சான்று.

மாதம் ஒருமுறை, கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை ஒரே பொருளுக்கு ஒதுக்குங்கள். ஒரு மாதம், அவரவர் சேமிப்புக் கணக்கில் நியமனதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மற்றொரு மாதம், ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணத்தில் விபத்துக் காப்பீடும், 436 ரூபாய் கட்டணத்தில் 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் கிடைப்பதை யார் யார் பெற்றிருக்கின்றனர் என்று கேளுங்கள். இன்னொரு மாதம், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை வங்கியின் பெயரைச் சொல்லி எவர் கேட்டாலும் சொல்லக்கூடாது என்று பேசுங்கள். எச்சரிக்கைச் சுவரொட்டியைப் படித்து மறப்பவர்கூட, பக்கத்து வீட்டுப் பெண் தான் ஏமாந்த கதையைச் சொன்னால் மறக்கமாட்டார்.

குழுவில் இல்லாத வாடிக்கையாளர்களுக்கும் ஒரு பங்குண்டு. உங்கள் வீட்டில் பணிபுரியும் பெண், உங்கள் தோட்டத்தில் களை பறிக்கும் பெண், உங்கள் கடைக்குப் பொருள் தரும் பெண் எனப் பலர் ஏதேனும் ஒரு குழுவின் உறுப்பினர். "இன்று கூட்டம்" என்று அவர் சொன்னால், அதை விடுப்புக் கேட்கும் சாக்காகக் கருதாதீர்கள். நீங்கள் உங்கள் கிளைக்குச் சென்று வருவது போன்றதே அது. அவருடைய வங்கி அந்நேரத்தில் அத்திண்ணையில் திறந்திருக்கிறது. மனைவிக்கோ தாய்க்கோ பதிலாகக் கூட்டத்துக்குச் செல்லும் ஆடவர்க்கும் ஒரு சொல்: செல்லவேண்டாம், அந்த ஒரு மணி நேரம் வீட்டிலிருந்து உலை வைத்தால் அதுவே பேருதவி. கல்லூரியில் படிக்கும் மகளிர் கணக்கெழுத உதவலாம். ஆனால் எழுதியதை உறுப்பினர் முன் வாசித்துக் காட்டிய பின்னரே புத்தகத்தை மூடவேண்டும்.

வங்கியாளர்களாகிய என் இளைய நண்பர்களுக்கு இன்னும் சற்று அழுத்தமாகச் சொல்வேன். குழுக்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரையில் ஈடின்றிக் கடன் வழங்க இன்று வழியிருக்கிறது. ஈடு கேட்கவேண்டாம் என்று விதி சொல்கிறது. கூட்டத்தைப் பார்க்கவேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் இலக்குகளின் சுமையை நான் அறிவேன். ஆயினும் கடன் வழங்குமுன் ஒரு மாலை, முன்னறிவிப்பின்றிச் சென்று பாயின் ஓரத்தில் அமர்ந்து பாருங்கள். குறிப்பேட்டின் கையெழுத்து அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். அடித்தல் திருத்தல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் குறுக்கிட்டுப் பேசுகிறாரா, பேசியவரை மற்றவர் பேச விடுகின்றனரா என்று கேளுங்கள். திருத்தமே இல்லாத பேரேடு எனக்கு இப்போது அச்சம் தருகிறது.

கோலாரின் அந்தப் பள்ளித் திண்ணைக்கு நான் பின்னர் ஒருமுறைதான் செல்ல நேர்ந்தது. மூதாட்டி அப்போது உயிரோடு இல்லை. அவருடைய மருமகள் குழுவில் இருந்தார். பழைய பேரேடுகளை ஒரு துணிப்பையில் பத்திரமாக வைத்திருந்தனர். கேட்டு வாங்கி அந்தப் பக்கத்தைத் தேடினேன். ஐந்து அடிக்கப்பட்டுப் பத்து எழுதப்பட்டிருந்தது. அருகில் தலைவியின் கையொப்பமும், மை பரவிய ஒரு கட்டைவிரல் ரேகையும் இருந்தன. என் பணிக்காலத்தில் நான் கையாண்ட நிலப்பத்திரங்களும் நகை மதிப்பீட்டுச் சீட்டுகளும் எண்ணிலடங்கா. அவற்றுள் எதுவும் அந்த ரேகையளவு எனக்கு நம்பிக்கை அளித்ததில்லை. அன்றைய படிவம் இன்று மீண்டும் என் கைக்கு வருமானால், 'ஈடு' என்ற இடத்தில் 'வியாழன்தோறும் மாலை ஏழு மணி, பள்ளித் திண்ணை' என்று எழுதுவேன்.